வாலிபர் அபிவிருத்தியும் விண்ணப்பப் படிவமும்

வாலிபர்களின் ஆளுமையை அபிவிருத்தி செய்யும் பயிற்சி வகுப்புகள், 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றை முன்னிட்டுக் கல்லூரி மண்டபங்களைத் துறந்து கைபேசிக்குள் பிரவேசித்த காலந்தொட்டு, அவ்வாலிபர்களைப் பற்றி அறிந்துகொள்வதில் அமைப்பாளர்களுக்கு உண்டாகியிருக்கும் சிரத்தை, பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டாரையும் நாணச் செய்யும். முன்பெல்லாம் பெயரும் கையொப்பமும் போதுமாயிருந்தன. இப்போதோ, தன்னம்பிக்கையோடு பேசுவது எப்படி என்ற முதற்பாடத்தைத் திறக்குமுன், தகப்பனாரின் மாத வருமானம், ரத்தப் பிரிவு, இருக்குமிடம், கைபேசியிலுள்ள தொடர்பு எண்கள் யாவற்றையும் சமர்ப்பித்தாக வேண்டும். (பெரியம்மாவின் எண் தன்னம்பிக்கைக்கு எவ்விதம் அனுகூலம் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.) கேமராவை அணைத்தால் கவனக்குறைவென்று மதிப்பெண் குறைகிறது, அணைக்காவிட்டால், பின்னால் துண்டோடு குளிக்கப் போகும் தாத்தாவும் பதிவாகிவிடுகிறார்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, எடுத்த காரியத்துக்கு அவசியமான விவரங்களுக்கே சம்மதம் செல்லுமென்கிறது; மருத்துவ ஆலோசனைச் செயலியொன்று தொடர்பு எண்களைக் கேட்பதையே அவசியமற்றதற்கு உதாரணமாகக் காட்டுகிறது; 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டுமென்றும், குழந்தைகள் விஷயத்தில் தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதமென்றும் விதிக்கிறது. நம் அமைப்பாளர்கள் சட்டத்தை மதியாதவர்கள் அல்லர். படிவத்தின் அடியில் ‘பெற்றோர் சம்மதித்துள்ளனர்’ என்று ஒரு சிறு கட்டம் வைத்து, பையனுக்கு ஏன் வீண் சிரமம் என்று அதில் தாமே குறியிட்டும் வைத்திருக்கிறார்கள். தரவுகளை அறநெறிப்படி கையாளுவது பற்றிய பாடம் அந்தக் கட்டத்தைத் தாண்டியபின்தான் திறக்கும்.