பர்மா உளுந்தும் மருமகன் மனசாட்சியும்

ஏய்யா மருமகனே, உன் மாமனார் மண்டியில போயி, "பர்மா உளுந்தை இனிமே தொடாதீங்க, ரத்தக்கறை படிஞ்ச உளுந்து"ன்னு பிரசங்கம் பண்ணுனியாமே. மனுசன் ராத்திரி எனக்குப் போன் போட்டு அழுகாத குறை. விருதுநகர்ல பருப்பு யாவாரம் பண்றவருக்கு ரங்கூன் ரேட்டு தெரியாம பொழுது விடியுமா?

சரி, புண்ணியவானாகணும்னு உனக்கு ஆசை வந்துருச்சு. பிளவக்கல் அணைக்குக் கீழ நாலு தென்னைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற கிழவன் நான் எதுக்குக் குறுக்க நிக்கணும்? சுளுவான வழி சொல்றேன் கேட்டுக்கோ. எந்த நாட்டுலருந்து நமக்குப் பெருசா ஒரு சாமானும் வரலையோ, அந்த நாட்டோட யாவாரமே கூடாதுன்னு முதல்ல சபதம் போடு. வட கொரியா தோதான நாடு. காலையில சபதம், மத்தியானம் சோறு, ஒண்ணுக்கொண்ணு இடிக்காது.

எனக்கே ஒருதரம் அந்தப் புண்ணியம் கெடைச்சது. 2020 ஜனவரியில சுத்திகரிச்ச பாமாயில் இறக்குமதிக்கு டெல்லி கடிவாளம் போட்டுச்சு. அடி விழுந்தது மலேசியாவுக்கு. காரணத்தை யாரும் எழுதிக் குடுக்கல. ஆனா அப்ப அங்க பிரதமரா இருந்த மகாதீர் காஷ்மீரைப் பத்தியும் குடியுரிமைச் சட்டத்தைப் பத்தியும் வாயைத் திறந்ததுதான்னு ஊரே பேசுச்சு. மனித உரிமைன்னு கேட்டது அவுக, எண்ணெயை நிறுத்துனது நாம! நானும் தேசபக்தியோட கைதட்டுனேன், தேங்காய்க்கு நாலு காசு கூடுமில்ல. அதே வருசம் மலேசியத் தோட்டங்கள்ல ஆளுகளைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குறாகன்னு அமெரிக்கா ரெண்டு பெரிய கம்பெனியோட எண்ணெயைத் தடுத்துச்சு. அதுக்கு நம்ம பக்கம் ஒரு மூச்சு வந்துச்சா? அந்தச் சீமையில ரப்பர் பால் வெட்டுனவுக நம்ம தாத்தாக்கமாருய்யா.

இலங்கைக் கதை உனக்கே தெரியும். 2011 ஜூன் 8-ல, இலங்கை மேல பொருளாதாரத் தடை போடணும்னு ஜெயலலிதா சட்டசபையில தீர்மானம் கொண்டாந்தாக. எனக்கும் அது சம்மதந்தான், அத்தனை சனம் போருல செத்திருக்கு. அதே மாசம் தூத்துக்குடியிலருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் கிளம்புச்சு, மத்திய மந்திரி வாசன் தொடங்கி வச்சாரு. நம்ம சரக்குப் பெட்டிக அன்னைக்கும் கொழும்புல இறங்கித்தான் பெரிய கப்பல் ஏறுச்சு. தடை போடுன்னு மேடையில முழங்குன யாவாரியோட பெட்டி மட்டும் நீந்தியா போயிருக்கும்?

கையைச் சுட்டுக்கிட்டு மெய்யாவே நிறுத்துனதும் உண்டு, இல்லேங்கல. 1946-ல, சுதந்திரம் வர்றதுக்கு முன்னாலயே, நிறவெறி புடிச்ச தென்னாப்பிரிக்காவோட யாவாரத்தை அறுத்தது இந்தியா. உலகத்துலயே முதல் ஆளு நாமதான். ஏற்றுமதியில நூத்துக்கு அஞ்சு பங்கு கிட்ட அங்க போய்க்கிட்டு இருந்த காலம் அது. அடிபட்டுக் கெடந்த கறுப்பு சனத்தோட தலைவர்களும் பின்னால அதையேதான் கேட்டாக: எங்க நாட்டுச் சாமானை வாங்காதீங்கன்னு.

இப்ப உன் உளுந்துக்கு வர்றேன். பர்மாக்காரன் உளுந்தைப் பெருசா திங்கிறதில்ல. அங்கிட்டு சம்சாரி விதைக்கிறது உன் இட்லிக்கும் என் வடைக்குந்தான். 2021 பிப்ரவரி 1-ல பட்டாளத்தான் ஆட்சியைப் பிடிச்சான். அதே வருசம் ஜூன்ல டெல்லி ஒப்பந்தம் போட்டுச்சு: வருசத்துக்கு ரெண்டரை லட்சம் டன் உளுந்து, ஒரு லட்சம் டன் துவரை, அஞ்சு வருசத்துக்கு. நாளைக்கே நீ வேண்டாம்னு சொன்னா முதல்ல தலையில துண்டு விழுறது அந்தச் சம்சாரிக்கு. பட்டாளத்தான் தலையில தொப்பி அப்படியே இருக்கும்.

அப்ப மாமா பட்டாளத்தானுக்கு வக்காலத்தான்னு முறைக்காத. சூட்சுமம் வேற இடத்துல இருக்கு. 2022 ஏப்ரல்ல அந்த ஊரு மத்திய வங்கி ஒரு உத்தரவு போட்டுச்சு. வெளிநாட்டுலருந்து டாலர் வந்தா ஒரு நாளுக்குள்ள மாத்திப்புடணும், டாலருக்கு 1,850 கியாட்டுன்னு அவுக வச்ச ரேட்டுலதான். வெளிச் சந்தையில கூட விலை. பின்னால கொஞ்சம் தளர்த்துனாக, ஆனா பிடி விடல. நம்ம கண்மாயில மடையடியில நிக்கிறவன் தன் வயலுக்குப் பாய்ச்சிக்கிட்டு மிச்சத்தைக் கீழே விடுவான் பாத்தியா, அந்த வேலைதான். மூட்டைக்கு மூட்டை நடுவுல ஒரு பங்கு அவுக பக்கம் ஒதுங்கிருது. 2024 ஜனவரியில ரூபாயும் கியாட்டுமா கணக்குத் தீர்க்க நம்ம பஞ்சாப் நேஷனல் வங்கி வழியா ஒரு ஏற்பாடு வந்துச்சு. அதுல சம்சாரிக்கு எவ்வளவு போய்ச் சேருது, தொப்பிக்காரனுக்கு எவ்வளவுன்னு உன் மாமனார்கிட்ட என்னைக்காவது கேட்டியா? உளுந்தை நிறுத்துன்னுதான கேட்ட.

பர்மாவுல தெருவுக்கு வந்து அடிவாங்குன சனம் வேற ஒண்ணு கேட்டுச்சு. எரிவாயுக் காசு பட்டாளத்துக்குப் போகக் கூடாது, குண்டு போடுற விமானத்துக்கு எரிபொருள் குடுக்காதீகன்னு. ஷ்வேங்கிற எரிவாயு வயல்ல யாரு பங்காளி தெரியுமா? நம்ம ஓ.என்.ஜி.சி. விதேஷும் கெய்லும். ரெண்டும் அரசாங்கக் கம்பெனி. அங்க போயி பிரசங்கம் பண்ண உனக்கு நேரமில்ல. மாமனாரு கிட்டத்துல இருக்காரு, திருப்பியும் பேசமாட்டாரு.

இன்னொண்ணு. ராஜபாளையத்துல மில்லு ஆபீசுல ஏற்றுமதிக் கணக்குப் பாக்குறியே, உன் நூலை வாங்குற சீமைக்காரனுக்கு நீதான்யா பர்மா. சுமங்கலித் திட்டம்னு சின்னப் பொண்ணுகளைக் கூட்டியாந்து, மூணு வருசம் விடுதிக்குள்ள போட்டு வச்சு, கடைசியில கல்யாணத்துக்கு ஒரு தொகைன்னு ஆசை காட்டுனது நம்ம தமிழ்நாட்டு மில்லுகதான். 2011-ல நெதர்லாந்துலருந்து அதைப் பத்தி அறிக்கையே வந்துச்சு. கட்டாய உழைப்புன்னு அமெரிக்கத் தொழிலாளர் துறை வச்சிருக்கிற பட்டியல்ல இந்திய நூலும் இருக்கு. அன்னைக்கு வெள்ளைக்காரன் மொத்தமா வாங்காம விட்டிருந்தா, மில்லு மொதலாளி வேற தொழிலுக்குப் போயிருப்பாரு, அந்தப் பொண்ணுக தீப்பெட்டி ஒட்டப் போயிருக்கும்.

திண்டுக்கல் பக்கம் நடந்ததைப் பாரு. 2021-ல ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில வேலை பாத்த பொண்ணை மேற்பார்வையாளனே கொன்னுபுட்டான். சரக்கு எடுத்த வெளிநாட்டுக் கம்பெனிக கையை உதறிட்டு ஓடியிருக்கலாம். பொண்ணுக நடத்துற தொழிற்சங்கம் விடல. 2022-ல எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். மூணையும் ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட வச்சாக. தொழிற்சாலை சொன்னபடி நடக்கலேன்னா ஆர்டர் போயிரும், நடந்தா ஆர்டர் நிக்கும்னு அதுல இருந்துச்சு. உன்ன மாதிரி ஒருநாள் மண்டியில கொதிச்சுட்டு மறுநாள் மறக்கிற வேலையில்ல அது. ஷிப்டுக்கு ஷிப்டு பொண்ணுகளே கண்காணிச்சாக.

அதனால, மாமனார் மண்டிக்கு மறுபடி போ. உளுந்தை நிறுத்தச் சொல்லாத. துட்டு எந்த வழியாப் போகுது, நடுவுல எவன் எடுக்குறான், ரங்கூன்ல சரக்கு ஏத்துறவன் யாரோட ஆளுன்னு கேளு. அப்படியே உன் மில்லுலயும், விடுதிக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கும், பொண்ணுக கையில போன் இருக்கான்னு கேளு. ரெண்டு இடத்துலயும் பதில் வராது, காபிதான் வரும். குடிச்சுப்புட்டு மறுபடி கேளு.