மவுஸ் படம் வரைந்து பாகம் குறி

போன மாதம் ஒரு ராத்திரி புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கரண்ட் போய்விட்டது. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. பக்கத்து வீட்டுப் பெண் ஸ்கேலும் பென்சிலுமாக வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். பி.எட். இரண்டாம் ஆண்டு. பெரிய நோட்டை விரித்து மும்முரமாக ஏதோ வரைந்தாள். எட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் மவுஸ். இடது பொத்தான், வலது பொத்தான், நடுவில் சக்கரம் என்று அம்புக்குறி போட்டுப் பாகம் வேறு குறித்திருந்தாள், தவளைக்குக் குறிப்பது மாதிரி.

"என்னம்மா இது?"

"ஐ.சி.டி. ரெக்கார்டு மாமா. அடுத்த பக்கம் கீபோர்டு. நூத்தி நாலு கட்டம் போடணும்."

"கம்ப்யூட்டர்லயே ஒரு தடவை செஞ்சு காட்டினா ஆகாதா?"

"லேபைப் பூட்டி வெச்சிருக்காங்க மாமா. எக்ஸ்டர்னல் வர்ற அன்னிக்குத்தான் திறப்பாங்க."

நோட்டை வாங்கிப் புரட்டினேன். பவர்பாயின்ட்டில் கோப்பைச் சேமிக்கும் முறை: நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, முடிவு. "முடிவு: கோப்பு சேமிக்கப்பட்டது." எங்கே சேமிக்கப்பட்டது? அந்த நோட்டில்தான்.

ரெக்கார்டு எழுதுவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். துய்ப்ளேக்ஸ் துரையின் கோபதாபம், சரக்கு விலை, ஊர் வம்பு ஒன்றையும் விடவில்லை. கப்பல் வந்தால் வந்தது என்று எழுதினார். வராத கப்பலை வந்ததாக எழுதி, சீல் வாங்கி, மார்க் வாங்கும் வித்தை பாவம் அந்த துபாஷிக்குத் தெரியவில்லை. பி.எட். படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் 2014-ல் பி.எட்.டை இரண்டு வருஷமாக நீட்டியபோது வகுத்த பாடத்திட்டத்தில் இந்தத் தாளுக்கு வைத்த பெயர்: தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் குறித்த விமர்சனப் புரிதல். விமர்சனம்! இந்தப் பாடத்துக்கு இந்தக் கருவி வேண்டுமா, கரும்பலகை போதாதா, வீட்டில் போன் இல்லாத பிள்ளை என்ன செய்யும் என்று ஆசிரியர் கேட்கப் பழக வேண்டும். நல்ல எண்ணம்தான். கல்லூரி வாசலுக்கு வந்து சேர்வதற்குள் அது "பிரவுன் அட்டை போட்டாச்சா?" என்று சுருங்கிவிட்டது. வைவாவில் கேள்வி: கம்ப்யூட்டரின் தந்தை யார்? பாபேஜ். அவரும் தன் பெரிய மெஷினைக் கடைசி வரை கட்டி முடிக்கவில்லை. பூட்டிய லேபுக்குப் பொருத்தமான தகப்பன்.

அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வாரம் பள்ளிக்கூடத்தில் இன்டர்ன்ஷிப். அங்கே ஸ்மார்ட் போர்டு இருந்ததாம், தையற்காரர் அளவெடுத்துத் தைத்த உறைக்குள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்ததாம். தொடலாமா என்று கேட்டிருக்கிறாள். "கெட்டா யாரும்மா பதில் சொல்றது?" என்றாராம் எச்.எம். அவரை நான் திட்ட மாட்டேன். ஸ்டாக் ரெஜிஸ்டரில் அவர் கையெழுத்து. உடைந்தால் ஆடிட்டுக்கு அவர்தான் நிற்க வேண்டும். ஓட்டாமல் வைத்திருந்தால் ஒரு கேள்வியும் இல்லை. இப்படி ஒரு சட்டத்தை எழுதி வைத்தவன் எவனோ, அவனைத்தான் நூற்று நாலு கட்டம் போடச் சொல்ல வேண்டும். இவள் சார்ட் ஒட்டிப் பாடம் நடத்தினாள். மேற்பார்வைக்கு வந்தவர் பின் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிய குறிப்பு: தொழில்நுட்பம் பயன்படுத்தவில்லை. மார்க் குறைப்பு.

கருவிக்கு இந்த நாட்டில் பஞ்சமே கிடையாது. 2004-ல் கல்விக்கென்றே எடுசாட் என்று ஒரு செயற்கைக்கோளை வானத்துக்கு ஏற்றினோம். 2011-ல் ஆகாஷ் டேப்லெட். 2017 ஆசிரியர் தினத்தன்று தீக்‌ஷா தளம். வானம் வரை போய்விட்டது; லேப் சாவி மட்டும் ஒருவருடைய கைப்பையை விட்டு வெளியே வரவில்லை. புதுச்சேரி அரசுப் பள்ளிகளும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ.க்குத் தாவிவிட்டன. புத்தகம் மாறியது, வினாத்தாள் மாறியது. மவுஸ் படம் மாறவில்லை.

வேலையில் இருப்பவர்களுக்கும் இதே கூத்துதான். ஆன்லைன் பயிற்சி; வீடியோ தானாக ஓடும், குக்கர் மூன்று விசில் விடுவதற்குள் ஒரு பாடம் முடியும், சான்றிதழ் கையில். 2020 ஊரடங்கில் இதே ஆசிரியர்கள் சொந்த போனில், சொந்த டேட்டாவில், வாட்ஸ்அப்பில் கிளாஸ் எடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தது எந்தக் கவுன்சிலும் இல்லை, வீட்டுப் பிள்ளைகள். அதற்கு யாரும் சான்றிதழ் தரவில்லை. தெரிந்த வேலைக்கு எதற்குச் சான்றிதழ்?

பக்கத்து வீட்டுப் பெண் பிராக்டிகல் முடிந்து வந்தாள். லேப் திறந்திருந்ததாம். மெஷினை ஆன் செய்ய நேரமில்லை. எக்ஸ்டர்னல் ரெக்கார்டைப் புரட்டி, மவுஸின் வால் அழகாக வந்திருக்கிறது என்று பாராட்டிக் கையெழுத்துப் போட்டு, வேறு யாரும் மறுபடி காட்டிவிடாதபடி பக்க மூலையை வெட்டிக் கொடுத்திருக்கிறார்.

வாசலிலேயே ஜூனியர் பெண் காத்திருந்தாள். ரெக்கார்டை வாங்கி, போனில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, கோணலை நிமிர்த்தி, வெட்டிய மூலையைச் சரிக்கட்டி, ஒரே பி.டி.எஃப். ஆக்கி, வகுப்பு குரூப்பில் போட்டுவிட்டாள். அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. இனி வகுப்பு மொத்தமும் அதைப் பார்த்துப் பென்சிலால் வரையும்.