நுரை ரசிகமணி

ஆனி பிறந்து, திரிகூடமலையில் மேகம் இறங்கி, தென்காசித் தெருவில் சாரல் தூறத் தொடங்கியதும் குற்றாலத்துக்கு மூன்று சரக்கு வந்து சேரும். ரம்புட்டான், மங்குஸ்தான், பெங்களூரிலிருந்து நம்ம பீர்ப் பண்டிதர்.

பெயர் வேண்டாம். ஒருவர் பெயரைச் சொன்னால் மற்ற ஒன்பது பேருக்கு வருத்தம். மேலகரத்திலோ இலஞ்சியிலோ பிறந்து, இன்ஜினியரிங் முடித்து, பெங்களூரு இந்திராநகர்ப் பக்கம் வாடகைக்குக் குடியேறியவர். 2010-இல் அங்கே டாய்ட் என்ற பீர்க் கூடம் திறந்தது. அதன் பிறகு, கடைக்குள்ளேயே பீர் காய்ச்சிப் புளிக்கவைத்து, தொட்டியிலிருந்து நேரே குழாயில் பிடித்துக் கொடுக்கும் இடங்கள் அந்த ஊரில் பெருகின. பண்டிதர் அங்கேதான் குருகுலவாசம் செய்தார். வருஷத்துக்கு வருஷம் ஊருக்கு வரும்போது தொந்தி கொஞ்சமும் சொல்வளம் நிறையவும் கூடியிருக்கும்.

இங்கே நிலைமை வேறு. 2003-இலிருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். பீரில் நாங்கள் அறிந்த வகை இரண்டே இரண்டு: கூலிங் உள்ளது, கூலிங் இல்லாதது. அங்கிருந்து பாட்டிலைத் தூக்கிவரலாமென்றால், வெளிமாநிலச் சரக்கென்று ஓசூரில் பிடித்து உட்காரவைத்தால் அப்பாவுக்குத்தான் போன் போகும். ஆகவே பண்டிதர் கொண்டுவருவது இரண்டு. ஒன்று பேச்சு. இன்னொன்று, துலிப் பூப் போல வாய் குவிந்த ஒரு கண்ணாடி டம்ளர். அதை அருவிக் குளியலுக்கான ஈரிழைத் துண்டில் சுற்றி, பையின் நடுவில், கைக்குழந்தை மாதிரி வைத்திருப்பார்.

இந்திராநகரில் நடுக்கூடத்தில் நின்று விளக்குக்கு நேரே தூக்கிப் பார்க்கும் டம்ளர், இங்கே மொட்டைமாடியில், தண்ணித்தொட்டிக்குப் பின்னால், குத்தவைத்து உட்கார்ந்த நாலு பேர் மத்தியில் வெளிவரும். பிரானூர் பார்டரில் வாங்கிய புரோட்டாவும் கோழியும் இலைப் பொட்டலத்தில் ஆவி விடும். பாட்டில் நம்ம ஊர்க் கடையில் வாங்கிய அதே பாட்டில்தான். ஆனால் பண்டிதர் ஊற்றுகிற விதம் வேறு. டம்ளரைச் சாய்ப்பார். நுரை இரண்டு விரற்கடை நிற்கவேண்டும் என்பார். செல்போன் டார்ச்சை அடித்து நிறம் பார்ப்பார். மூக்கை உள்ளே விட்டு முகர்வார். ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் அதக்குவார். ஜாதகத்தைப் புரட்டும் ஜோசியர் வாயைப் பெண்வீட்டார் பார்ப்பதுபோல நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம்.

“பாடி பத்தாது” என்றார் போன வருஷம்.

“எந்த அருவியிலவே?” என்று பதறினான் ஒருவன். சீசன் சமயத்தில் எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்.

வாயில் படும் கனத்தைத்தான் பாடி என்கிறார்கள் என்று விளக்கிவிட்டுப் பண்டிதர் அடிப்படைக்குப் போனார். “பீருல ரெண்டே குலந்தான். ஒண்ணு ஏல்...”

“என்னல?”

“ஒன்னக் கூப்பிடல மாப்ள. அதுக்குப் பேரே ஏல். அதுல ஈஸ்ட் மேல பொங்கும். இன்னொண்ணு லாகர். குளுர்ல வச்சா ஈஸ்ட் அடியில கெடந்து நிதானமா புளிக்கும்.”

“அப்ப வெயில்காலத்து இட்லி மாவு ஏலு, ஃப்ரிட்ஜ்ல வச்சது லாகரு.”

பண்டிதர் இதை மறுக்கவும் முடியாமல் ஏற்கவும் மனமில்லாமல் கோழியைக் கடித்தார். அவருடைய துயரமே இதுதான். உலகத்தின் எந்த மூலைப் பீரை அவர் எடுத்து வைத்தாலும் அது எங்கள் வீட்டு அடுக்களையில் வந்து விழுந்துவிடும். பெல்ஜியத்தில் கோதுமை சேர்த்துக் காய்ச்சும் ஒரு வெள்ளைப் பீர் இருக்கிறது. கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் தட்டிப் போடுவார்களாம். ரகசியத்தை உடைப்பதுபோல அவர் இதைச் சொல்லி முடிப்பதற்குள், “ரசத்துக்குச் சாமான் சொல்லுதீரு, பெருங்காயத்த விட்டுட்டீரே” என்று குரல் வந்தது. ஜெர்மனியில் லைப்சிக் பக்கத்துச் சரக்கு ஒன்றின் பெயர் கோஸா. முட்டைக்கோஸா என்று கேட்டவனை மன்னித்துவிட்டு, அது புளிக்கும், அதில் உப்பு உண்டு, மல்லி உண்டு என்றார். மோர் என்று ஏகமனதாகத் தீர்மானமானது. வறுத்துக் கருக்கிய பார்லியில் செய்யும் ஸ்டவுட்டில் காபி மணம் வருமென்றார். அதற்கு யாரும் பதிலே சொல்லவில்லை, காபிதான் கீழே இருக்கிறதே.

அவர் மனசு உடைந்தது வாழைப்பழத்தில். பவேரியாக் கோதுமைப் பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். பழமும் போடுவதில்லை, கிராம்பும் போடுவதில்லை, ஈஸ்ட் புளிக்கும்போது தானாகப் பிறக்கும் மணம். இது நிஜமாகவே ஆச்சரியப்பட வேண்டிய சங்கதி, நான் ஆச்சரியப்பட்டேன். பக்கத்திலிருந்தவன் மட்டும், “இவ்வளவு தூரம் போய் வாழப்பழ வாசம் பிடிக்கணுமாவே? தென்காசி மார்க்கெட்டுல தாரு தாராத் தொங்குதே” என்றான்.

இதற்கெல்லாம் சேர்த்துப் பண்டிதர் பழிதீர்க்க எடுப்பது இந்தியா பேல் ஏல். “நம்ம நாட்டுப் பேரு வச்ச பீரு. கப்பல்ல ஆறு மாசம் கெடாம வரணும்னு வெள்ளக்காரன் ஹாப் பூவ அள்ளிப் போட்டுக் கண்டுபிடிச்சது.” தேசபக்தியில் குரல் தழுதழுக்கும். கதை முழுக்கச் சரியில்லை. ஹாப் கூடுதலாகப் போட்ட பீர் அதற்கு முன்பே இங்கிலாந்தில் உண்டு. லண்டன் போ பகுதியில் ஹாட்சன் என்பவரின் பீர் ஆலை கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கேப்டன்களுக்கு அவர் மாதக்கணக்கில் கடன் கொடுத்தார். அதனால் அவர் பீர் கப்பலேறியது. பற்று நோட்டு இல்லாமல் எந்த வியாபாரமும் கடல் தாண்டாது. ஆனால் கடனைச் சொன்னால் கண்ணீர் வராது, ஆகவே பண்டிதர் பூவைச் சொல்கிறார். அந்தப் பீரின் கசப்புக்கு எண்கூட உண்டு, அறுபது, எழுபது என்று போகும் என்றார். நிலவேம்புக் கஷாயத்துக்கு எத்தனை என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

சிரிக்கிறோமே தவிர, ஒன்றை நாலு மணி நேரம் ருசித்துப் பேசுகிறவனைக் கேலி செய்ய எங்கள் ஊருக்கு யோக்கியதை கிடையாது. ரசிகமணி டி.கே.சி. கடைசிக் காலத்தில் வாழ்ந்து, 1954-இல் மறைந்த ஊர் இது. திருநெல்வேலியில் அவர் வீட்டு வட்டத்தொட்டி இலக்கியக் கூட்டத்தில் ஒரு கம்பன் பாட்டை எடுத்தால் அதன் ஒவ்வொரு சொல்லையும் நாக்கில் வைத்து உருட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார்களாம். அந்த ரசனையை இந்த நுரையோடு சேர்ப்பது கொஞ்சம் அதிகப்பிரசங்கம்தான். அதிலும் 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜி, டி.கே.சி.யின் நெருங்கிய நண்பர். இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போன வருஷம் அந்த ஏல்-லாகர் இரவிலேயே மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பண்டிதரின் சித்தப்பா. பென்ஷன்காரர். சீசனில் ஒருநாள் தவறாமல் அருவியில் நிற்பவர். மெயினருவித் தண்ணிக்கும் ஐந்தருவித் தண்ணிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு மணி நேரம் சொல்லுவார். தலை துவட்டிய துண்டை முகர்ந்தே மலைக்குமேல் எப்போது மழை பெய்தது என்று சொல்லிவிடுவார் என்று ஊரில் பேச்சு. அவருடைய அய்யா, பதனீரை ஒரு வாய் குடித்தால் எந்த மரத்துப் பயினி, கலயத்தில் சுண்ணாம்பு எத்தனை கூடிப்போச்சு என்று சொல்லுவாராம்.

பாட்டிலை ஒளிக்க நேரமில்லை. சித்தப்பா எல்லோரையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, “எங்க, அந்தக் கிளாச இங்ஙன கொண்டா” என்றார். முகரவில்லை. டார்ச் அடிக்கவில்லை. ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார். சாரல் கொஞ்சம் பலமாக விழுந்தது.

“தண்ணி நம்ம பக்கத்துத் தண்ணி இல்லல.”

பண்டிதர் நிமிர்ந்தார். பீரில் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். பர்ட்டன் ஊர்த் தண்ணீரில் ஜிப்சம் இருந்ததால்தான் அங்கே பேல் ஏல் பேரெடுத்தது, பில்சன் ஊர்த் தண்ணீர் மெத்தென்று இருந்ததால்தான் 1842-இல் அங்கே பில்ஸ்னர் பிறந்தது என்று சாயங்காலம் டீக்கடையில் சொன்னவர் அவரேதான். பாட்டிலைக் கையில் எடுத்தபோது மட்டும் அது ஞாபகம் வரவில்லை.

நாலு செல்போன் டார்ச்சும் ஒரே நேரத்தில் பாட்டில்மேல் விழுந்தன. எந்த ஊரில் அடைத்தது என்று லேபிளில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். சாரலில் லேபிள் ஊறி, பாதி கழன்று, புரோட்டா இலையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“சித்தப்பா, காலைல எத்தன மணிக்கு ஐந்தருவிக்குப் போறீங்க?” என்றார் பண்டிதர்.

“நாலரைக்கு. வாய மூடிட்டு வாரதா இருந்தா வா” என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். டம்ளர் அவர் கையோடு போயிற்று.