சோற்றில் பூசணிக்காய் மறைப்பு: ஓர் அளவியல் ஆய்வு

முன்னுரை

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறான் என்று தமிழர்கள் காலங்காலமாக அடுத்தவர் மேல் குற்றம் சாட்டி வருகிறார்கள். மறைக்க எவ்வளவு சோறு வேண்டும் என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வு எல்லை

சுரைக்காய் ஏற்கெனவே ஏட்டில் ஏறிவிட்டதால், கறிக்கும் உதவாது, நமக்கும் உதவாது. பரங்கிக்காய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. வெளியூர்க்காரன் என்பதைப் பெயரே காட்டிக்கொடுத்துவிடும். 1492இல் கொலம்பஸ் கப்பலேறும் முன் அதை இங்கே எந்தச் சோற்றிலும் மறைத்திருக்க வழியில்லை. போதாக்குறைக்கு மஞ்சள் நிறம்.

எஞ்சுவது வெண்பூசணி. பிஞ்சில் உடம்பெல்லாம் சுணை. முற்றினால் சாம்பல் பூக்கும். அது சாம்பலன்று, மெழுகு. அதன் தயவில் மாதக்கணக்கில் உத்தரத்தில் தொங்கினாலும் காய் கெடாது. வெள்ளைச் சோற்றில் வெள்ளைக் காய் என்பது மறைப்போருக்குக் கூடுதல் வசதி.

கணக்கு

குறுக்களவு 25 செ.மீ. உள்ள உருண்டைக் காய் என்று கொள்வோம். அது அடைக்கும் இடம் சுமார் 8 லிட்டர். சுற்றிலும் 45 பாகைச் சரிவில் சோற்றைக் குவித்து உச்சிவரை மூடினால், குவியலின் உயரம் 30 செ.மீ.; காய் போக, தேவைப்படும் சோறு 20 லிட்டருக்குச் சற்று அதிகம். ஒன்றுக்கு மூன்றாகச் சோறு காணும் அரிசி என்றாலும், ஏறத்தாழ 7 லிட்டர் உலையில் போட வேண்டும்.

கள ஆய்வு

அ) அடுக்களை: இரண்டு டம்ளர் அரிசிச் சோறு, தாம்பாளம், மேற்படி காய். கொட்டிய சோறு காம்பைச் சுற்றி ஒரு கைப்பிடி நின்றது. மிச்சம் வழுக்கித் தாம்பாளத்தில் விழுந்தது. "சோத்துல என்னடா விளையாட்டு?" என்று அம்மா கரண்டியுடன் வந்ததால் ஆய்வு இடைநிறுத்தப்பட்டது.

ஆ) கொல்லை: கொடியில் முதலில் வந்தவை எல்லாம் ஆண் பூக்கள். பின்னால் வந்த பெண் பூவின் அடியில், பூ விரியும் முன்பே, விரல்நுனியளவு பிஞ்சு இருந்தது. அதைத் தினமும் கண்காணித்தேன். நடுவில் ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தால், காயைக் காணோம். திருட்டு என்று முடிவுகட்டும் வேளையில், சொரசொரத்த இலை ஒன்றை விலக்கினேன். தலையணை கணக்காகப் படுத்திருந்தது. பூசணியை மறைக்கும் கலையைப் பூசணியிடமே கற்க வேண்டும். அது இலையில் மறைகிறது, நாம்தான் இலையில் விழுந்த சோற்றில் மறைக்கப் பார்க்கிறோம்.

முடிவுரை

ஒரே இடத்தில் 20 லிட்டர் சோறு குவிவது கல்யாண வீட்டில். இக்காய்க்குக் கல்யாணப் பூசணி என்ற பெயரும் உண்டு என்பதை ஆய்வுலகம் இதுவரை சரியான கோணத்தில் பார்க்கவில்லை. ஆகவே பழமொழி பாதி உண்மை. சோறு நிறைந்த வீட்டில் பூசணி சுலபமாக மறையும். இரண்டு டம்ளர்க்காரன்தான் பிடிபடுவான். பழமொழியில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் பூசணி பெருத்ததால் மாட்டவில்லை, சோறு போதாமல் மாட்டியவர்கள்.

மேலாய்வுக்கான களம்: ஆய்வுப் பொருள் அன்று மத்தியானமே மோர்க்குழம்பாகி, அதே இரண்டு டம்ளர் சோற்றில் சுவடில்லாமல் மறைந்தது. எப்படி என்று அம்மாவைக் கேட்டேன். "முழுசா மறைச்சாத்தானேடா வம்பு?" என்றார்.