சால்னாவுக்குத் தனிக் கட்டணம்

விருதுநகர்க்காரர்கள் வியாபாரத்தில் புலிகள் என்று பெயர். ஆனால் யாவாரம் என்றால் என்ன என்பதை, மதுரையில் ஏறிச் சென்னையில் இறங்குவதற்குள் விமானக் கம்பெனிகள் காட்டிவிடுகின்றன.

நம்மூர் எண்ணெய்ப் புரோட்டாக் கடையைப் பாருங்கள். மொறுமொறுவென்று பொரித்து, இலையில் பிய்த்துப் போட்டு, நாம் கையை மறிக்கிறவரை சால்னா ஊற்றுகிறார்கள். சால்னாவுக்குக் காசில்லை. இது உருப்படுகிற தொழிலா? 2003-இல் ஏர் டெக்கான் வந்தபோதே இலவசச் சாப்பாடு டிக்கெட்டிலிருந்து கழன்றுகொண்டது. இன்று கப்புக்குள் காய்ந்த உப்புமா. வெந்நீர் விட்டு மூடிக் காத்திருக்க வேண்டியது நம் பொறுப்பு. சமையல்காரரும் நாமே, காசு கொடுப்பவரும் நாமே. இனிக் கடையிலும் பிசைந்த மைதாவை மட்டும் கொடுக்கட்டும். வீசத் தெரிந்தவர் வீசிக்கொள்ளலாம். ஃபேனுக்கு நேரே உட்காரத் தனி ரேட். கை கழுவ எழுகிறவர் மாஸ்டர் விளக்கை அணைக்கும்வரை பொறுக்க வேண்டும்.

சென்னை விமான நிலையத்தில் 2025-இல் உடான் யாத்ரி கஃபே திறந்து 10 ரூபாய்க்கு டீ விற்கிறார்களே, அந்தப் பிற்போக்குத்தனம்தான் வருத்தம் தருகிறது. நல்லவேளை, அது தரையோடு சரி.

சிவகாசிக்காரர்கள்தான் இன்னும் பழகவில்லை. கப்பில் அச்சிட்ட விலையைப் பார்த்து அவர்கள் அசருவதே இல்லை. பட்டாசுப் பெட்டியில் பார்க்காத விலையா? "80 பர்சென்ட் தள்ளுபடி போக எவ்வளவும்மா?" என்று கேட்டுவிட்டு, பர்ஸைத் திறந்தபடி காத்திருக்கிறார்கள்.