ஃபேன் சுற்றுகிறது, படம் வரவில்லை!

கேள்வி: பாகம் பாகமாக வாங்கி நானே கம்ப்யூட்டர் பூட்டினேன். ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது. மானிட்டர் மட்டும் இருட்டு. மதர்போர்டு போய்விட்டதா? - திண்டுக்கல் வாசகர்

பதில்: மேளம் கொட்டுகிறது, மாப்பிள்ளையைத்தான் காணோம் என்கிறீர்கள். பெரும்பாலும் அவர் பக்கத்து மண்டபத்தில் இருப்பார்! தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் வயரை அதில்தான் சொருக வேண்டும், மதர்போர்டில் அல்ல. பெயர் 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசஸர்களிலும் ரைசன் 5 5600-இலும் படம் காட்டும் பகுதியே கிடையாது.

போர்டின் மேல் மூலையில் பிராசஸருக்கென்று 8 பின் மின் இணைப்பு இருக்கும். அதை மறந்தாலும் ஃபேன் ஜோராகச் சுற்றும், ஏமாந்துவிடாதீர்கள்.

அடுத்து ராம். புதுப் பொருளாயிற்றே என்று பயந்து பயந்து அழுத்தியிருப்பீர்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ராம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும், நான்கு ஸ்லாட் இருந்தால் பிராசஸரிலிருந்து இரண்டாவதில், 'டக்'கென்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். டிடிஆர்5 ராம் என்றால் முதல் தடவை சில நிமிடம் இருட்டாகவே இருக்கும். அவசரப்பட்டு அணைக்காதீர்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு கடைக்குத் தூக்குங்கள். அதுவரை போர்டைக் குறை சொல்ல வேண்டாம்.