பதினொரு பெயர், ஒரே ஒரு பந்து

எக்காலத்துக்கும் சிறந்த சிங்கப்பூர்க் காற்பந்து அணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இந்த நாட்டில் யாருக்கும் மறுக்கப்படவில்லை. அதற்கு உரிமம் வேண்டாம், கட்டணம் இல்லை. ஒரு கோப்பி ஓவும், எதிரே தலையாட்ட மறுக்கும் ஒருவரும் இருந்தால் போதும். தேக்காவிலிருந்து ஜாலான் புசார் விளையாட்டரங்கம் வரை நடந்துபோகிற தூரத்துக்குள் கோப்பிக்கடைக்கு ஓர் அணியாவது தேறும். 1977இல் ஆடியவரும் 2012இல் ஆடியவரும் அதில் ஒரே உடைமாற்றும் அறையில் தோளுரசி உட்கார்ந்திருப்பார்கள். அணிகளுக்குப் பஞ்சமில்லை, தீர்ப்புச் சொல்ல ஆளுக்குத்தான் பஞ்சம். குரல் பெரியவர் ஜெயிக்கிறார், அல்லது கோப்பிக்குக் காசு கொடுக்கிறவர் ஜெயிக்கிறார். இரண்டுமே ஒழுங்கான முறை இல்லை என்பதால் நான் ஒரு முறை சொல்கிறேன். கற்பனை அணியில் பெயருக்கு மதிப்பெண் கிடையாது, வேலைக்கு மட்டும்தான். ஐந்து தாக்குதல் ஆட்டக்காரர், நான்கு மாயாஜாலக்காரர், ஒரு கோல்காவலர், போனால் போகிறதென்று ஒரு தற்காப்பு ஆட்டக்காரர் என்று எழுதிக்கொண்டு வருகிறவரிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றே. பந்து எதிரணியிடம் இருக்கும்போது இவர்களெல்லாம் என்ன செய்துகொண்டிருப்பார்கள்?

முதலில் சாட்சிகளை விசாரிப்போம். ஒருவர் எந்தக் கோல்காவலரைச் சொல்கிறார் என்று மட்டும் கேளுங்கள், அடையாள அட்டையைப் பார்க்க வேண்டியதில்லை. எரிக் பெய்ன் என்றால் எழுபதுகளில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவர். டேவிட் லீ என்றால் 1994 மலேசியக் கிண்ணத்தை இன்னும் கழுத்தில் தாயத்துபோல் போட்டிருப்பவர். லயனல் லூயிஸ் என்றால் 2004, 2007 தென்கிழக்காசிய வெற்றிகளின் வாரிசு. ஹசான் சனி என்றால் இன்னும் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருப்பவர். யாரும் பொய் சொல்வதில்லை, அவரவர் பார்த்தது அவ்வளவுதான். ஆனால் ஹசான் சனியின் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. 2024 ஜூன் 11ஆம் தேதி பாங்காக்கில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூர் தாய்லாந்திடம் 3-1 என்று தோற்றது. பேரேட்டில் பார்த்தால் கோல்காவலர் மூன்று கோல் விட்டவர். தாய்லாந்து இன்னும் ஒரு கோல் போட்டிருந்தால் சீனா போட்டியைவிட்டே வெளியேறியிருக்கும். அந்த நான்காவது கோல் விழாதபடி அவர் பாய்ந்து பாய்ந்து தடுத்தார். மறுநாளிலிருந்து சீன ரசிகர்கள் தெம்பனிஸில் இருந்த அவருடைய நாசி லெமாக் கடைக்கு வந்து வரிசை பிடித்தார்கள். ஊரிலேயே இருந்தவர்கள் கடையின் கியூஆர் குறியீட்டை வருடிப் பணம் அனுப்பினார்கள், போதும் நிறுத்துங்கள் என்று அவரே கேட்டுக்கொள்ளும் அளவுக்கு. தோற்ற அணியின் கோல்காவலருக்கு வேறொரு நாடு காணிக்கை செலுத்திய சம்பவம் இது. எண்ணிக்கையைப் பார்த்து மதிப்பெண் போடுகிறவர்களுக்கு அந்த மாலை அகப்படவே அகப்படாது.

'எண் பொய் சொல்லாது' என்பார்கள் புள்ளிவிவரக் கட்சியினர். சொல்லாதுதான், ஆனால் பாதி உண்மையைச் சொல்லிவிட்டு எழுந்துபோய்விடும். 2007 ஜனவரியில் லாவோஸை 11-0 என்று வென்ற ஆட்டத்தில் நோ அலாம் ஷா தனியாக ஏழு கோல் போட்டார். ஃபாண்டி அகமது 1983 அக்டோபரில் நெதர்லாந்தின் குரோனிங்கன் குழுவுக்காக இத்தாலியின் இன்டர் மிலானுக்கு எதிராகப் போட்டது ஒரே ஒரு கோல். ஏழு பெரிதா, ஒன்று பெரிதா? இதற்கு விடை கால்குலேட்டரில் இல்லை. இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் 1998 செப்டம்பர் 5, ஹனோய், டைகர் கிண்ண இறுதியாட்டம். சொந்த மண்ணில் ஆடும் வியட்நாம், அரங்கம் நிறைந்த கூட்டம். கோல் முகப்பில் உயரமாக வந்த பந்துக்கு ஆர்.சசிகுமார் எம்புகிறார். அவர் தலை ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம். தோளிலோ முதுகிலோ கையிலோ பட்டு அது வலைக்குள் போய்விட்டது. எங்கே பட்டது என்ற விசாரணை இன்னும் முடியவில்லை, கிண்ணம் மட்டும் அன்றைக்கே சிங்கப்பூருக்கு வந்துவிட்டது. நாட்டின் முதல் வட்டார வெற்றி அது, 1-0. சசிகுமார் தற்காப்பு ஆட்டக்காரர். கற்பனை அணிக்காரர்கள் கோல் போடுவதற்காக அவரைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். நான் தேர்ந்தெடுப்பேன், ஆனால் அந்தக் கோலுக்காக அல்ல. மீதி நேரமெல்லாம் பின்னால் நின்று அடைத்தாரே, அதற்காக.

அடுத்தது காலத்தைப் பற்றிய தடை. 'இன்றைய பையன்கள் ஓட்டத்துக்கு அந்தக் காலத்து ஆட்கள் பத்து நிமிடம் தாங்க மாட்டார்கள்' என்று இளைய வக்கீல் எழுந்து நிற்பார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயணச்சீட்டு யார் பெயரில் என்று முதலில் தெரிய வேண்டும். 1977இன் குவா கிம் சோங்கை இன்றைக்கு அழைத்துவந்தால் அவருக்கும் ஊட்டச்சத்து நிபுணரும், துடிப்பை அளக்கும் சட்டையும், மேடு பள்ளம் இல்லாத திடலும் கொடுத்தாக வேண்டும். இன்றைய ஆட்டக்காரரை அங்கே அனுப்பினால் மழையில் ஊறிக் கனத்த தோல் பந்தையும், ஃபேரர் பார்க் சேற்றையும், முழங்காலைத் தேடி வரும் தடுப்பையும் அவரும் வாங்கிக்கொள்ள வேண்டும். சட்டமும் மாறியிருக்கிறது. தன் அணிக்காரர் காலால் திருப்பித் தட்டிய பந்தைக் கோல்காவலர் கையில் எடுக்கக்கூடாது என்ற விதி 1992இல்தான் வந்தது. அதற்கு முன்னால் ஒரு கோல் முன்னணியில் இருக்கும் அணி தற்காப்பாளரும் கோல்காவலருமாகப் பந்தைக் கொடுத்து வாங்கியே பொழுதை ஓட்டலாம், ஓட்டினார்கள். அந்தக் கலையில் தேர்ந்தவரை இன்றைய அணியில் போட்டால் ஐந்தாவது நிமிடமே விசில் கேட்கும். கூடைப்பந்திலும் இதே கதைதான். அமெரிக்காவின் என்பிஏ போட்டியில் மூன்று புள்ளிக் கோடு 1979-80 பருவத்தில்தான் போடப்பட்டது. அதற்கு முன்னால் தொலைவிலிருந்து எறிந்தவருக்கும் வளையத்துக்கு அடியில் நின்று போட்டவருக்கும் ஒரே கூலி, இரண்டு புள்ளி. எழுபதுகளின் கெட்டிக்காரர் ஏன் தூரத்திலிருந்து எறியப் பழகவில்லை என்று கேட்பது, பாட்டனார் ஏன் மின்னஞ்சல் அனுப்பவில்லை என்று கேட்பதுபோல்தான். ஆகவே அணியைக் கொண்டுவருகிறவர் எந்த ஆண்டின் பந்து, எந்த ஆண்டின் விதி என்பதை முதல் வரியிலேயே எழுத வேண்டும். எழுதாவிட்டால் மனு தள்ளுபடி.

இனி என் வழக்கின் உயிர்நாடிக்கு வருகிறேன். 1975இலும் 1976இலும் சிங்கப்பூர் மலேசியக் கிண்ண இறுதியாட்டம் வரை போய் இரண்டு முறையும் சிலாங்கூரிடம் தோற்றது. திறமைக்குக் குறைவில்லை. இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து எதிராளியை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, பந்தோடு மறுபக்கம் போய்விடும் டோலா காசிம் அந்தக் காலத்தவர். 'கெலெக் கிங்' என்ற பட்டம் சும்மா வரவில்லை. பந்தை வாழைப்பழமாய் வளைத்து அனுப்பும் எஸ்.ராஜகோபால் இருந்தார், மலைபோல் நிற்கும் சமது அல்லாப்பிச்சை இருந்தார். 1977இல் அங்கிள் சூ என்று ஊரே அழைத்த சூ செங் குவீ பயிற்றுநராக இருந்தார். கடுமைக்குப் பேர்போனவர். அவரிடம் நட்சத்திரமும் ஓட வேண்டும், அதே அளவு மற்றவரும் ஓட வேண்டும். மே 28ஆம் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் பினாங்குக்கு எதிரான இறுதியாட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. எல்லோருக்கும் கால் கனக்கும் அந்த நேரத்தில் குவா கிம் சோங் எம்பித் தலையால் முட்டினார், 3-2. பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் கிண்ணம் வீடு திரும்பியது. அந்தத் தலையை நாம் அணியில் எழுதுகிறோம். கூடுதல் நேரத்திலும் அது எம்பும்படி வைத்திருந்த ஓட்டப் பயிற்சியை யாரும் எழுதுவதில்லை.

இதைவிடக் கசப்பான ஆதாரம் 1994. அந்தத் தலைமுறையில் பந்து காலில் ஒட்டியிருந்தவர் என்றால் வி.சுந்தரமூர்த்திதான். சுவிட்சர்லாந்தின் பாசல் வரை போய் ஆடிவிட்டு வந்தவர், சிராங்கூன் வட்டாரத்தில் அவருக்கு எதிராகப் பேசினால் கோப்பி ஆறிப்போகும். 1993இல் அவர் ஆடிய அணி இறுதியில் கெடாவிடம் தோற்றது. அடுத்த ஆண்டு பயிற்றுநர் டக்ளஸ் மோரின் அணியில் அவருக்கு இடமில்லை. நியாயமா என்று கேட்டால் நானும் அவர் பக்கம்தான். ஆனால் ஃபாண்டி தலைமையில் அந்த அணி லீக் பட்டத்தையும் வென்றது, இறுதியில் பகாங்கை 4-0 என்று நொறுக்கிக் கிண்ணத்தையும் கொண்டுவந்தது. அப்பாஸ் சாத் மூன்று கோல் போட்டார். ஆகச் சிறந்த ஆட்டக்காரரை விட்டுவிட்ட அணி ஆகச் சிறந்த முடிவைக் கண்டது என்ற உண்மையைக் கற்பனை அணிக்காரர் எவரும் செரித்ததில்லை. அமெரிக்காவும் இதைச் செய்திருக்கிறது. 1992 பார்சலோனா ஒலிம்பிக்குக்குப் போன 'டிரீம் டீம்' கூடைப்பந்துக் குழுவில் டெட்ராய்ட்டின் ஐசையா தாமஸ் இல்லை, அத்தனைக்கும் பயிற்றுநர் சக் டேலி டெட்ராய்ட்டில் அவருக்குப் பயிற்சியளித்தவர். சராசரியாக நாற்பது புள்ளிகளுக்கு மேல் வித்தியாசத்தில் வென்று தங்கத்தோடு திரும்பினார்கள். ஆனால் அதே கனவு அணி ஒலிம்பிக்குக்கு முன் நடந்த ஒரு பயிற்சி ஆட்டத்தில் கல்லூரி மாணவர்களிடம் தோற்றது. பெயர்களெல்லாம் அங்கேதான் இருந்தன, வேலைப் பங்கீடுதான் இன்னும் வந்து சேரவில்லை.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். சிராங்கூன் சாலையில் போடப்படும் அணி, திருமண அழைப்பிதழ் மாதிரி. யார் பெயர் விட்டுப்போகிறதோ அந்தப் பக்கத்துச் சொந்தம் சாப்பிடாமல் போய்விடும். ராஜகோபால் பெரியப்பா வரிசை, சுந்தரமூர்த்தி மாப்பிள்ளை, டெரி பத்மநாதன் தாய்மாமன், சமது அல்லாப்பிச்சை எல்லார் வீட்டுக்கும் வேண்டியவர், சசிகுமார் தம்பி முறை. ஐவரும் வந்தாக வேண்டும். வரட்டும், எனக்கு ஆட்சேபணையில்லை. சமதும் பத்மநாதனும் நடுவில் நின்றால் காற்றுகூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே வரும். ஆனால் முன்னால் சுந்தரமூர்த்தி, டோலா காசிம் இருவருக்கும் பந்து காலில் வேண்டும், ராஜகோபாலுக்கும் வேண்டும், பெட்டிக்குள் காத்திருக்கும் ஃபாண்டிக்கும் வேண்டும். நாலு பேருக்கு ஒரு பந்து. பக்கத்தில் மாலிக் அவாபைப் போட்டால் நான் இரண்டு மதிப்பெண் கூட்டுவேன். மற்றவர் ஓட வேண்டிய ஓட்டத்தையும் சேர்த்து ஓடக்கூடியவர் அவர்.

புதியவர்களின் வக்கீல் கடைசியாக ஒரு துருப்பை இறக்குவார். 1998, 2004, 2007, 2012 என்று நான்கு முறை தென்கிழக்காசியப் பட்டம். 2025 நவம்பரில் ஹாங்காங்கை 2-1 என்று வென்று முதல்முறையாகத் தகுதியடிப்படையில் ஆசியக் கிண்ணத்துக்குத் தேர்வு. பழைய கூட்டத்தால் தென்கிழக்காசிய விளையாட்டுகளில் ஒரு தங்கம்கூட வாங்க முடியவில்லையே? உண்மைதான், இன்றுவரை யாராலும் முடியவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1984 ஆசியக் கிண்ணத்தில் உபசரிப்பு நாடாகச் சும்மா நுழைந்த பழையவர்கள் இந்தியாவை 2-0 என்று வென்று, ஈரானை 1-1 என்று நிறுத்தினார்கள். அதையும் எடையில் வையுங்கள். மேலும் புதிய வெற்றிகளைத் திறந்துபார்த்தால் உள்ளே இருப்பதும் வேலைப் பங்கீடுதான். அலெக்சாண்டர் ஜூரிச் 1992 ஒலிம்பிக்கில் போஸ்னியாவுக்காகப் படகு வலித்தவர். 37 வயதில் சிங்கப்பூர்ச் சட்டை போட்டு கோல் போட ஆரம்பித்தார். எந்தக் கற்பனை அணிக்காரருக்கு இந்தக் கற்பனை வரும்? டேனியல் பென்னெட்டைப் பற்றிக் கோப்பிக்கடையில் கதையே கிடையாது, நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்களில் நாட்டுக்காக நின்றார். கதை இல்லாததே அவர் வேலையைச் சரியாகச் செய்தார் என்பதற்கு அத்தாட்சி. ஹாங்காங்கை வீழ்த்திய இரண்டாவது கோலைப் போட்ட இல்ஹான், ஃபாண்டியின் மகன். அப்பாவையும் மகனையும் ஒரே அணியில் போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் தீர்ப்பு: தாராளமாகப் போடலாம். பந்து கொடுக்காத குற்றத்தை வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்வார்கள்.

சமநிலை வந்தால் என்ன செய்வது? 2021இல் என்பிஏ தன் 75ஆம் ஆண்டுக்காக 75 சிறந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கப் போய், கடைசி இடத்துக்கு வாக்கு சமமானதால் 76 பேரை அறிவித்துவிட்டு நிம்மதியாக இருந்தது. கூடைப்பந்துக்காரர்கள் தாராள மனசுக்காரர்கள். காற்பந்தில் பதினொன்றுக்கு மேல் ஒருவர் நின்றாலும் நடுவர் விரட்டுவார். மலேசிய லீக்கில் ஆடப்போன அணிக்கு லயன்ஸ் டுவெல்வ் என்று பெயர் வைத்தும்கூட, திடலில் பதினொரு பேரைத்தான் விட்டார்கள். அப்படியானால் யாராவது ஒருவர் எழுந்துபோக வேண்டும். வழக்கமாக எழுந்துபோகிறவர் இடது தற்காப்பு ஆட்டக்காரர், ஏனென்றால் அவர் பெயர் மேசையில் யாருக்கும் ஞாபகம் வராது. அந்த இடத்தில் ராஜகோபாலை நிற்கவைத்து, 'அவர் சமாளித்துக்கொள்வார்' என்பார்கள். என் மதிப்பெண் தாளில் முதல் கட்டமே அதுதான். இடது தற்காப்பில் அதையே தொழிலாகச் செய்த ஒருவர் பெயர் இல்லையென்றால், முன்னால் ஃபாண்டியும் சுந்தரமூர்த்தியும் சேர்ந்தே நின்றாலும், அந்த அணி முதல் சுற்றிலேயே வெளியே.